சுழிக்காத புரூஃப்

எங்கள் அச்சகத்துக்குப் பரமபத சோபனப் படம் அடிக்கிற வேலை கார்த்திகையில் வரும். சிவகாசியில் அது காலண்டர் உச்சம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வெளியானதும் ஓடத் தொடங்குகிற மெஷின் டிசம்பர் கடைசியில்தான் மூச்சு விடும். அந்த நெருக்கடியிலும் அப்பா ஒரு பகல் முழுக்கப் பரமபதத்துக்கு ஒதுக்கிவிடுவார். மெல்லிய பேப்பர், நாலு கலர், உச்சியில் வைகுண்டத்தில் பெருமாள், கீழ்வரிசைகளில் விலங்கும் பறவையும், குறுக்கும் நெடுக்கும் பாம்புகள். வைகுண்ட ஏகாதசிக்குக் கோயில் வாசலில் தரையில் விரித்து விற்பார்களே, அந்தப் படம்தான். அதில் மிஞ்சுவது டீச்செலவுக்குக் காணும், அவ்வளவுதான். “அன்னைக்கு ராத்திரி முழுக்க ஜனம் நம்ம படத்துலதானடா கண் முழிக்குது” என்பார்.

அச்சகம் கைமாறிப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் இன்னொருவர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் பண்ணுகிறேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், மகள் படித்து முடித்துக் கொடுக்கிற லேப்டாப்பில், அப்பா அடித்த அதே பரமபதத்தை மொபைல் விளையாட்டாகச் செய்தேன். இரண்டரை வருஷம் பிடித்தது. புரோகிராமிங் நான் படித்ததில்லை, யூடியூப்தான் வாத்தியார். கோடோ என்ற இலவச எஞ்சினில்தான் வேலை. அதன் பழைய பதிப்பில் தமிழ் உடைந்து வரும். ‘கோபுரம்’ என்று தட்டினால் கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 2023 மார்ச்சில் நான்காம் பதிப்பு வந்த பிறகுதான் எழுத்து எழுத்தாக உட்கார்ந்தது. கட்டை உருளும் சத்தத்துக்கு அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டைகளைச் சிமெண்டுத் தரையில் உருட்டிப் போனிலேயே பதிவு செய்தேன். ஃபேன் இரைச்சல் விழக்கூடாதே என்று நடு ராத்திரியில் ஃபேனை நிறுத்தியதில் வீடே வியர்த்துக் கிடந்தது. விளம்பரம் கிடையாது, காசு கட்டுகிற சமாச்சாரம் கிடையாது. ஒரே போனை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைமாற்றி ஆடலாம்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் செயலிக் கடைக்கு அனுப்பினேன். வைகுண்ட ஏகாதசி 2025 ஜனவரி 10. ஐந்து வாரம் கையில் இருந்தது. எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. நம் ஜனம் போய் வருகிற கடைகள் இரண்டே இரண்டு. அடுத்த அப்டேட்டையும் நான் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

முதல் தடவை ரிஜெக்ட் ஆனது என் தப்பு. தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கத்துக்கு லிங்க் கேட்பார்கள். நான் கொடுத்த லிங்க் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் சரிசெய்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது கடிதத்தை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். காயை நகர்த்த முடியவில்லை, செயலி முழுமை பெறவில்லை என்று எழுதி, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார்கள். காய் வாசலிலேயே நிற்கிறது. ஒரு கட்டையில் மூன்று, இன்னொன்றில் ஒன்று, ஆக நாலு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயம் விழாமல் காய் எப்படி இறங்கும்? கட்டைக்கு நாலு முகம். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுவது இரண்டே விதம். அதாவது எட்டில் ஒன்று. பத்துத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினாள். எங்கள் பெரிய அத்தை ஓர் ஏகாதசி ராத்திரியில் முக்கால் மணி நேரம் தாயம் விழாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தது குடும்பத்தில் இன்றும் பேசப்படுகிற சரித்திரம். முகம் தெரியாத ஓர் அலுவலர், அத்தை பட்ட அதே பாட்டை எங்கோ ஓர் அறையில் பட்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பிரியம்தான் வந்தது.

அந்தப் படம் எனக்கு உதவி செய்தது. ‘தாயம் விழுந்தால்தான் ஆட்டம் தொடங்கும்’ என்று திரையில் ஒரு வரி சேர்த்தேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். யோசித்துப் பார்த்தால் பெங்களூரில் வளர்கிற மச்சான் பிள்ளைகளுக்கும் அந்த வரி வேண்டியதுதான். எனக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மூன்றாவது கடிதம் டிசம்பர் 20-ஐ ஒட்டி வந்தது. அதில் படம் இல்லை. செயலி ‘ஸ்பாம்’ வகையில் வருகிறது, இதே போன்றவை கடையில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன, தனித்தன்மை போதாது. விஷயம் இவ்வளவுதான், கடிதம் மட்டும் நீளம்.

இதே போன்றவை என்றால் பாம்பும் ஏணியும். நம் நாட்டுப் பரமபதம்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய், நாளடைவில் வைகுண்டம் புண்ணியம் பாவம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாக நின்றது. அமெரிக்காவில் 1943-இல் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. இப்போது தாத்தா வாசலில் வந்து நிற்கிறார். ‘உங்கள் ஜாடையில் நிறையப் பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள்’ என்று காவலாளி கதவைச் சாத்துகிறார்.

கடையின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே விளையாட்டை விலைக்கு வாங்கி, கலரை மாற்றி, நூறு பெயரில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னுடையதையும் அப்படி ஒன்று என்று நினைத்திருக்கலாம். ஆனால் எதைப் போல இருக்கிறது, எந்த இடத்தில் போதவில்லை? பாம்புகளின் பெயர்களா, கட்டமா, கட்டையா? அப்பீல் செய்தேன். இரண்டு பக்கம் எழுதி, அப்பா தொண்ணூறுகளில் அடித்த படத்தைப் போட்டோ எடுத்து இணைத்தேன். மூன்று நாளில் பதில். ஏற்கெனவே படித்த மாதிரி இருந்தது. முந்தைய கடிதத்தையும் இதையும் ஆபீஸில் பிரிண்ட் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். நாலு கலரும் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று ரிஜிஸ்டர் பார்ப்போமே, அதே மாதிரி. தேதியைத் தவிர எழுத்துக்கு எழுத்து அப்படியே உட்கார்ந்தது.

அப்பாவுக்கு எண்பத்தோரு வயது. செயலி, கடை, அப்பீல் எதுவும் பிடிபடாது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்துக் கேட்டார்.

“என்னடா, இன்னுமா பாஸ் ஆகல?”

“இல்லப்பா. திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எந்த இடம்னு சுழிச்சிருக்கானா?”

“சுழிக்கலப்பா. சரியில்லன்னு மட்டும் எழுதியிருக்கு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சுழிக்காம புரூஃபத் திருப்புனான்னா, வேலைய வேற எடத்துல குடுக்கப் போறான்னு அர்த்தம்” என்றார்.

அறுபது வருஷத் தொழில் பேசுகிறது. எங்கள் தொழிலில் திருப்பி அனுப்புவது அவமானமே இல்லை. ஒரு மாதக் காலண்டர் மூன்று புரூஃபாவது போய்த் திரும்பும். முதலாளி படத்தில் சட்டைக் கலர் கம்மி, அமாவாசை ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது, போன் நம்பரில் ஓர் இலக்கம் தப்பு. ஆனால் சிவப்புப் பேனாவால் அந்த இடத்தைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கையெழுத்தும் போட்டிருப்பார்கள். சுழித்தவர் யார் என்று தெரியும். போன் போட்டுச் சண்டையும் போடலாம். சுழியைப் பார்த்து வேலை செய்து பழகியவனுக்கு, சுழி இல்லாத தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏகாதசி ராத்திரி வந்தது, போனது. வீட்டில் எல்லாரும் பழைய பேப்பர் படத்தில்தான் ஆடினோம். ஜனவரி கடைசியில், எதையும் மாற்றாமல், பதிப்பு எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டி மறுபடியும் அனுப்பினேன். ஆறு மணி நேரத்தில் பாஸ். என்ன சரியாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படியானால் முன்பு என்ன தப்பாக இருந்தது என்பதும் தெரியாது.

இதை என் சொந்தப் புலம்பலாக விட்டுவிடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆப்பிள் தானே வெளியிட்ட அறிக்கைப்படி 2022-இல் அதன் கடைக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 61 லட்சம். நிராகரிக்கப்பட்டவை சுமார் 17 லட்சம். வாரத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல், அதைப் பார்ப்பதற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் என்றும் அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது. நான் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு வாரம் இருநூறு, நாளுக்கு நாற்பது, ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பரமபதம் விடிய விடிய ஆடுகிற ஆட்டம். பன்னிரண்டு நிமிஷத்தில் எங்கள் அத்தைக்குக் காயே இறங்கியிருக்காது.

கடைக்குக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடன் செயலிகள் எத்தனை குடும்பங்களை அலறவிட்டன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் தொடங்கி ஒரு வருஷத்தில் மட்டும் கூகுள் பிளே அப்படிப்பட்ட 2,200-க்கும் மேற்பட்ட செயலிகளை நீக்கியதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடு முழுக்கத் தடை வந்திருக்கிறது. கட்டை உருளுவதைப் பார்த்தால் ஒருவர் இரண்டாம் முறை உற்றுப் பார்ப்பது நியாயம்தான். கடை வேண்டாமென்றால் நேரடியாக அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வாட்ஸப்பில் வருகிற ஏபிகே ஃபைலைத் தொடாதே என்று சைபர் கிரைம் போலீஸே எச்சரிக்கிற காலம் இது. அம்மா போனில் அப்படி ஒன்று வந்தால் நானே தொடவிடமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதவுகள் எப்போது மறுபடி திறந்திருக்கின்றன என்று பாருங்கள்.

மார்க் ஃபியோரி என்ற அமெரிக்க கார்ட்டூனிஸ்டின் செயலியை 2009 டிசம்பரில் ஆப்பிள் நிராகரித்தது. பொதுவாழ்வில் இருப்பவர்களைக் கேலி செய்கிறதாம். கார்ட்டூனிஸ்ட் வேறென்ன செய்வார் என்று தெரியவில்லை. 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உடனே, மறுபடியும் அனுப்புங்கள் என்று அழைப்பு. அந்த மாதமே அனுமதி. லூகாஸ் போப் தனி ஆளாகச் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. வருகிறவர்களை ஸ்கேனரில் நிறுத்துவோம், உடம்பு தெரியும், அந்த அவமானம்தான் கதையே. 2014 டிசம்பரில் ஐபேடுக்கு வந்தபோது ஆபாசம் என்று சொல்லி ஆட்களுக்கு உள்ளாடை மாட்டவைத்தார்கள். செய்தி பரவியதும், அது தவறான புரிதல் என்று சொல்லி, பழையபடியே அனுப்ப அனுமதித்தார்கள். 2016 மே மாதம் பாலஸ்தீனத்தைச் சேர்ந்த ரஷீத் அபு ஈதே, காஸா குண்டுவீச்சுக்கு நடுவே ஒரு குடும்பம் ஓடுவதை ‘லைலா’ என்ற சிறுமியின் பெயரில் விளையாட்டாக்கினார். இதை விளையாட்டு என்று ஏற்க முடியாது, செய்திப் பிரிவிலோ வேறு பிரிவிலோ போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆப்பிளிடமிருந்து பதில் வந்தது. ட்விட்டரில் கூச்சல் கிளம்பியது. சில நாளில் அது விளையாட்டாகிவிட்டது.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை கூகுள் தன் கடையிலிருந்து இறக்கியது. சென்னையிலிருந்து நடக்கிற பாரத் மேட்ரிமோனியும் அதில் உண்டு. மறுநாளே மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதை அனுமதிக்க முடியாது என்றார். பேச்சுவார்த்தை நடந்தது. மார்ச் 5-க்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற கூகுள் ஒப்புக்கொண்டது. அந்தக் கம்பெனிகளுக்காக எனக்குச் சந்தோஷம்தான். நான்கு நாளில் எத்தனை வரன் நின்று போயிருக்குமோ. ஆனால் புலிட்சர் பரிசோ, ட்விட்டர் கூட்டமோ, மந்திரியின் போன் நம்பரோ இல்லாதவன் என்ன செய்வான்? பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிப் பார்ப்பான்.

கடைகளைப் பற்றி இந்தியாவில் நடக்கிற விவாதம் எல்லாம் கமிஷனைப் பற்றியே இருக்கிறது. 30 சதவீதமா, சிறியவர்களுக்கு 15-ஆ, யாருடைய பேமெண்ட் வழியாகக் காசு போக வேண்டும். போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் போட்டது இந்தப் பேமெண்ட் விவகாரத்துக்குத்தான். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 217 கோடியாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவும் பெரிய கம்பெனிகள் சந்தைப் போட்டியை நெருக்குவதைத்தான் கவனிக்கிறது. இருக்கட்டும், தேவைதான். எனக்கு விற்றால்தானே கமிஷன்? இலவசமாகக் கொடுக்கப் போனவனையே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு சுழி. ஐரோப்பாவில் அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே டிஜிட்டல் சேவைச் சட்டத்தின் கீழ் 2023 ஏப்ரலில் இந்த இரண்டு கடைகளையும் மிகப் பெரிய தளங்கள் என்று பட்டியலிட்டார்கள். ஒருவர் ஏற்றியதைத் தடுத்தால் தெளிவான, குறிப்பான காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் முறையிட்டால் அந்த முடிவை முழுக்க மெஷின் தலையில் கட்டக்கூடாது, தகுதியான ஆள் மேற்பார்க்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகாமலே வெளியில் ஒரு மத்தியஸ்தரிடம் போகலாம். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறதா என்பது தனிக் கதை. நம் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவில் இதற்கு ஒரு பிரிவு சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எதைப் போல இருக்கிறது என்று அந்தச் செயலியின் பெயரைச் சொல்லட்டும். எந்தத் திரை என்று படம் வைக்கட்டும். முதலில் பார்த்தவரே அப்பீலையும் பார்க்காமல், இன்னொருவர் இன்ன தேதிக்குள் பதில் சொல்லட்டும். இரண்டாவது கடிதத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைக்க முடிந்தவர்களுக்கு மூன்றாவதில் வைப்பது எப்படி முடியாமல் போகும்?

பன்னிரண்டு நிமிஷத்தில் இதெல்லாம் நடக்குமா என்பார்கள். நடக்காதுதான். ஆள் கூட்டட்டும். ஆப்பிளில் கணக்கு வைத்திருக்க வருஷத்துக்கு 99 டாலர், கூகுளில் ஒரே தடவையாக 25 டாலர் கட்டித்தான் உள்ளேயே வருகிறோம். பற்றாததற்கு, 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுளில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், வெளியிடுவதற்கு முன்னால் ஆட்களைச் சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. முதலில் 20 பேர் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். விருதுநகரில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதற்காகத் தெருவில் டீக்கடை அண்ணனிலிருந்து தமிழ் வாத்தியார் வரை ஆள் பிடித்தான். பதினோராவது நாள் சித்தப்பா போனைத் தொலைத்துவிட்டார் என்று அவன் பட்ட பதற்றத்தை நேரில் பார்த்தேன். நாங்கள் அத்தனை பேரைத் திரட்டும்போது, அவர்கள் ஓர் ஆளை உட்காரவைப்பது ஆகாத காரியம் இல்லை.

2025-இல் ஒரு வேடிக்கை. ஜனவரி 10-இல் போன வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 30-இல் மறுபடியும் வந்தது. ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு. காலண்டர் கட்டத்தில் வைக்கையில்தான் கவனித்தேன். அதற்காக ஓர் அப்டேட் தயாராகிக்கொண்டிருந்தது. வைகுண்டத்துக்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டிருக்கும் பெரிய பாம்பு இதில் கண்ணைச் சிமிட்டும், மகளின் யோசனை. ஐப்பசி பிறந்ததும் அனுப்பிவிடுவதாக இருந்தேன். ரெண்டு மாதம் இருந்தால் நாலு கடிதத்தையாவது தாங்கலாம். அப்பா மட்டும் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் பேப்பர் ரீம் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்தார்.